அவரே நேரில் வரவேண்டும்

சதுக்கத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் ஓடினார்கள். ஓட முடியாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கையில் நாலடிக்கு மூன்றடி கண்ணாடி இருந்தது.

ஜன்னல், அலமாரி, கடைமுகப்பு என்று கண்ணாடி பொருத்துவதுதான் அவருக்குத் தொழில். ஊரில் எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவார்கள். அன்று காலை ரொட்டிக் கடையின் முகப்புப் பெட்டிக்குக் கண்ணாடி மாற்றப் போய்க்கொண்டிருந்தார். கூட்டம் கூடும் உரிமையைக் கேட்பதற்காகக் கூடியிருந்த கூட்டத்தை ஒட்டி, "கொஞ்சம் வழி விடுங்க, கண்ணாடி, கண்ணாடி" என்று சொல்லிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். விசில் ஊதியதும் கூட்டம் சிதறியது. அவரும் ஓடியிருப்பார். ஆனால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினால் பின்னால் வருகிறவன் காலைக் கிழித்துவிடுமே என்று யோசித்தார். தோளில் கிடந்த சாக்கைக் கீழே விரித்து, கண்ணாடியை அதன்மேல் மெல்ல இறக்கி, சுவரில் சாய்த்து, நழுவாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் தோளில் நாலு கைகள் விழுந்தன.

இதை ரொட்டிக் கடைக்காரர் வந்து அவர் மனைவியிடம் சொன்னார். "கண்ணாடியில ஒரு கீறல் இல்லம்மா, அப்படியே நிக்குது" என்பதை மட்டும் ஏனோ மூன்று தடவை சொன்னார்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு விழும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, உதறி, நாலு மூலையும் சேர்த்து மடிக்க வேண்டும். பதினாறு வருடமாக அதைச் செய்கிறாள். எந்தச் சிக்கலுக்கும் ஒரு மூலை இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் காவல் நிலையத்துக்குப் போனாள்.

முதல் நிலையத்தில், "அப்படி யாரும் இங்க இல்ல" என்றார்கள். இரண்டாவது நிலையத்தில், "இருந்தாலும் இல்ல" என்றார்கள். ஒன்பதாம் நாள் ஓர் ஏட்டு இரக்கப்பட்டு, "ஏம்மா இங்க அலையுறே? உரிமை வாரியத்துக்குப் போ. உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னே கட்டிடம் கட்டி, குளிர்சாதனம் போட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

தனிமனித உரிமை வாரியம் பிறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு நாள் முடிவெடுத்து, ஒரே கையெழுத்தில் எல்லோருக்கும் எல்லா உரிமைகளையும் வழங்கிவிட்டார்கள். வழங்கியதைப் பாதுகாக்க வேண்டாமா? அதற்குத்தான் வாரியம். பாதுகாப்பு என்றால் யாரும் எடுத்துப் புழங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என்று வாரியத்தார் பொருள் கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், மடித்த குடையை முழங்காலுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என் வீட்டுக்காரர். உங்களுக்கு?"

"பையன். ரெண்டு வருஷம் ஆச்சு." பெரியவர் சொந்த வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பதுபோல் தொடர்ந்தார். "தண்ணி அந்த மூலையில இருக்கு. மூணாவது மின்விசிறிக்குக் கீழ உட்காராதீங்க, ஆடுது. ஒண்ணாம் கவுண்ட்டர்ல இருக்கிற பொண்ணு பொறுமைசாலி. 'இல்ல'ன்னு சொன்னாலும் அழகா சொல்லும்."

ஒண்ணாம் கவுண்ட்டர் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மணிக்கட்டில் ரப்பர் வளையம். மனுவை முழுதும் படித்தாள். படித்ததே மனைவிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"இதுல பாதிக்கப்பட்டவர் யாருங்க?"

"என் வீட்டுக்காரர்தான்."

"அப்ப மனுவை அவர்தான் குடுக்கணும். அவரே நேர்ல வரணும்."

அவளுக்குத் தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றியது. "இல்லங்க, அவரைத்தான் காணோம். கொண்டுபோனவங்க எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியல. அதுக்குத்தான் மனு."

"புரியுதுங்க. ஆனா உரிமை அவரோடது. அவரோட உரிமைக்காக நீங்க கேட்டா, நீங்க அவர் உரிமையில தலையிடுறீங்கன்னு ஆயிடும். முன்னாடி சட்டத்துல புருஷனுக்காகப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்காகப் புருஷன், அண்ணனுக்காகத் தம்பின்னு யார் வேணா வந்து நிக்கலாம். இப்ப அவங்கவங்க தனித்தனி மனுஷங்க. உங்களுக்கும் விடுதலை கிடைச்சாச்சுங்க."

"எனக்கு எதுக்கும்மா விடுதலை? நான் வெளியிலதானே இருக்கேன்."

கவுண்ட்டர் பெண் ரப்பர் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மனுவின் மூலையில் 'மேல்மாடிக்கு' என்று சின்னதாக எழுதிக் கொடுத்தாள்.

மேல்மாடியில் இருந்தவர் தனியுரிமை அலுவலர். நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். மனுவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"'கைது'ன்னு எழுதியிருக்கீங்களே."

"கைதுதானுங்களே பண்ணாங்க?"

"அந்த வார்த்தையை நாங்க போன வருஷமே ஒழிச்சுட்டோம். மனுஷரைக் கேவலப்படுத்துற வார்த்தை. கைதி, சிறை, விலங்கு எதுவும் இப்ப கிடையாது. அதுக்காக ஏழு மாசம் போராடினோம். இப்ப 'பாதுகாப்பு ஓய்வு'ன்னுதான் சொல்லணும்."

"வார்த்தையை ஒழிச்சீங்க, சரிங்க. உள்ள இருக்கிற ஆளுங்க?"

"அதான் சொல்றேனே, கைதுங்கிறதே இல்லாதப்ப கைதானவங்க எப்படி இருப்பாங்க?" அவர் அதை வாதமாகச் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்லும் உற்சாகத்தோடு சொன்னார்.

"அப்ப என் வீட்டுக்காரர் ஓய்வுல இருக்காரா? அதையாவது பாத்துச் சொல்லுங்க."

அவர் கணிப்பொறியில் ஏதோ தட்டினார். திரையைப் பார்த்தார். கண் ஓரிடத்தில் நின்றது. அது நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

"இருக்காருங்களா?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஒருத்தர் எங்க இருக்கார்ங்கிறது அவரோட அந்தரங்கம். உங்ககிட்ட சொல்லலாமான்னு அவர்கிட்ட எழுத்துமூலமாச் சம்மதம் வாங்கணும்."

"வாங்குங்களேன். உங்களால முடியும்ல?"

"நாங்க அவரை அணுகவே முடியாதே. அணுகினா அவரோட ஓய்வைக் கெடுத்ததா ஆயிடும்."

அவள் படியிறங்கி வந்து, மாடிப்படியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பிரிக்கப் பிரிக்க மூலையே இல்லாத ஒரு விரிப்பு கைக்குள் சுருண்டு கிடப்பதுபோல் இருந்தது.

அதன்பிறகு வாரத்துக்கு மூன்று நாள் போனாள். சலவைப் பிரிவு மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்குவாள். ஒருநாள் போனபோது, மனு மனித உரிமை சம்பந்தப்பட்டது என்பதால் சம்பந்தப்பட்டவர் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டினாள். அட்டை போதாது, மனிதர் என்றால் உயிரோடு இருக்க வேண்டும், உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று வேண்டும் என்றார்கள். மருத்துவமனையில்தானே வேலை செய்கிறாள், தெரிந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார், திறந்தார், பிறகு மூடி வைத்துவிட்டார்.

"நாடி பிடிச்சுப் பாக்காம எப்படிம்மா எழுதுவேன்? ஆளைக் கூட்டிட்டு வா, அடுத்த நிமிஷம் தரேன்."

"கூட்டிட்டு வர முடிஞ்சா உங்ககிட்ட ஏன் டாக்டர் வரேன்?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார். அந்த ஒரு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த அதிகபட்ச நீதி அதுதான்.

சான்று கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் தனியுரிமை அலுவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். இவளுக்காக விதிப்புத்தகத்தை இரண்டு நாள் புரட்டியதாகச் சொன்னார். மூன்றாம் நாள் முகமெல்லாம் மலர்ந்து கூப்பிட்டனுப்பினார். அன்று அவளுடன் கொழுந்தனும் வந்திருந்தான். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன், அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.

"வழி கிடைச்சிருச்சும்மா!" என்றார் அலுவலர். "இருபத்தி மூணாம் விதி. ஒருத்தர் இறந்துட்டார்னா, அவரோட உரிமையெல்லாம் வாரிசுக்கு வந்துரும். அப்ப நீங்களே உங்க பேர்ல மனு போடலாம். அதை நாங்க விசாரிச்சே ஆகணும், தட்டவே முடியாது."

அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். 'மறைந்த என் கணவர்' என்று முதல் வரியிலேயே அச்சடித்திருந்தது. கீழே இறந்த தேதிக்குக் கட்டம் விட்டிருந்தார்கள்.

"அவர் செத்துட்டாரா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சேச்சே, அப்படி யார் சொன்னா? இது வெறும் அனுமானம். தேதிகூட நீங்களே ஒண்ணு வெச்சுக்கலாம். அதுல உங்களுக்கு முழுச் சுதந்திரம்."

கொழுந்தன் பேனாவை எடுத்து நீட்டினான். "போடுங்க அண்ணி. வெறும் காகிதம்தானே. மனுவை எடுத்துக்கட்டும் முதல்ல. அண்ணன் வந்தப்புறம் அடிச்சுக்கலாம்."

அவள் பேனாவை வாங்கினாள். முப்பது நாளாக அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஒன்று அந்த ஒரு கையெழுத்தில் இருந்தது. பேனா முனை கட்டத்துக்குள் இறங்கிவிட்டது. ஒரு புள்ளிகூட விழுந்துவிட்டது.

"இதைப் போட்டா, இந்தக் காகிதம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

"எங்ககிட்ட ஒண்ணு இருக்கும். சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு நகல் போகும்."

"அவரை வெச்சிருக்கிறவங்களுக்கா?"

"வெச்சிருந்தா."

அவள் பேனாவை மூடினாள். படிவத்தை நாலாக மடித்தாள், விரிப்பு மடிக்கிற மாதிரி, மூலைக்கு மூலை சரியாக. மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் கொழுந்தன் வெடித்தான். "என்ன அண்ணி நீங்க! ஒரு வழி கிடைச்சா அதையும் கெடுத்துக்கிட்டு! அது காகிதம்!"

"அவங்களுக்குக் காகிதம்தாண்டா எல்லாமே. வெளியில அவர் செத்தாச்சுன்னு நாம எழுதிக் குடுத்துட்டா, உள்ள அவரை உயிரோட வெச்சிருக்க அவங்களுக்கு என்னடா காரணம்?"

அவன் தெருவிலேயே நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தபோது முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வாரியத்தின் ஆண்டு விழா. அவளுக்கு அழைப்பு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த மனுதாரராக அவள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். பன்னிரண்டு முறை வந்தும் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதது, கூடத்தில் குப்பை போடாதது, வரிசையை மதித்தது ஆகியவற்றுக்காக. போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். குடைப் பெரியவர்தான், "தலைவரை நேருக்கு நேர் பாக்குற ஒரே சந்தர்ப்பம்மா. ரெண்டு வருஷத்துல எனக்குக் கிடைக்கல" என்று அனுப்பிவைத்தார்.

தலைவர் பெரிய படிப்பாளி. குறிப்பு எதுவும் இல்லாமல் பேசினார்.

"முன்னாடியெல்லாம் எப்படி இருந்துச்சு? ஒருத்தர் காணாமப் போனா தெருவே கூடி அழும். பக்கத்து வீட்டுக்காரன் கேப்பான், வாத்தியார் கேப்பார், தபால்காரர்கூடக் கேப்பார். அடுத்தவங்க விஷயத்துல எவ்வளவு பெரிய தலையீடு! இன்னிக்கு நாம முன்னேறிட்டோம். காணாமப் போறது அவங்கவங்க சொந்த விஷயம்னு மக்களுக்குப் புரிய வெச்சிருக்கோம். இந்த மாற்றம் சும்மா வந்துடல நண்பர்களே. வாரியம் தொடங்கி அஞ்சு வருஷத்துல பதினோராயிரம் மனு வந்திருக்கு. ஒரே ஒரு உரிமை மீறல்கூட நிரூபிக்கப்படல! உலகத்துல வேற எந்த வாரியமாவது இதைச் சொல்ல முடியுமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு அவளை மேடைக்கு அழைத்தார்கள். தலைவர் கேடயத்தைக் கொடுத்து, புகைப்படக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் ஒலிவாங்கிக்கு அருகில்தான் நின்றாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் எங்க?"

மண்டபம் முழுக்க அது கேட்டது. தலைவர் ஒரு கணம் திகைத்தார். ஒரு கணம்தான். உடனே அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. அவள் தோளைத் தொட்டுக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"பாருங்க! இதுக்குப் பேர்தான் பேச்சுரிமை! ஒரு சாதாரணப் பெண், என் முன்னாடி நின்னு, எவ்வளவு சுதந்திரமா கேள்வி கேக்குறாங்க! பயப்படாம கேளும்மா, இன்னொரு தடவை கேளு!"

அவள் இன்னொரு தடவை கேட்டாள். இந்த முறை குரல் உடைந்து அலறலாக வந்தது. "எங்கய்யா என் புருஷன்?"

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசை அதைப் பார்த்து எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, பக்கவாட்டுக் கதவருகே நின்ற ஒண்ணாம் கவுண்ட்டர் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவில் சத்தம் கேட்டது. தட்டுகிற மாதிரியும் இல்லை, இடிக்கிற மாதிரியும் இல்லை. திறந்தாள். அவர் முழங்கையால் தட்டியிருக்கிறார்.

யாரும் எதுவும் சொல்லாமல், விடியற்காலையில் ஒரு வண்டியில் கொண்டுவந்து சந்தை முனையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. அவள் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் கையை விரித்து அவளைத் தொடவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தாள். வலது கையில் மூன்று விரல்கள் உடைந்து, தப்பாகச் சேர்ந்து, திசைக்கு ஒன்றாக நின்றன. இடது கையிலும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

கதவைச் சாத்தப் போனாள். "சாத்தாத," என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

அவரே நேரில் வரவேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா? வந்துவிட்டார். நாலாம் நாள் அவள் அவருக்குச் சட்டை மாட்டி, பொத்தானைப் போட்டுவிட்டு, வாரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு விருப்பமில்லை. ஆனால் இத்தனை நாள் அலைந்தவளுக்கு மறுப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஒண்ணாம் கவுண்ட்டர் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்தே நின்றுவிட்டாள். பிறகு உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"காணாமல் போனவர் பிரிவுல இனிமே எடுக்க முடியாதுங்க. வந்துட்டாரே. முன்னாடி நிக்கிறவரைக் காணோம்னு எப்படி எழுதுறது?"

"சரிம்மா. என்ன பண்ணாங்கன்னு எழுதிக்குங்க. கையைப் பாருங்க."

"துன்புறுத்தல் பிரிவு. அதுக்கு அவரே கையெழுத்துப் போடணும்."

அவர் பேனாவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிடித்தார். குனிந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கோடு ஒன்று கட்டத்தைத் தாண்டி, படிவத்தைத் தாண்டி, மேஜைக்குப் போயிற்று. இன்னொரு முறை முயன்றார். கூடத்தில் ஐம்பது பேரும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்ட்டர் பெண் அவருடைய அடையாள அட்டையில் இருந்த பழைய கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தாள். "பொருந்தலைங்க," என்றாள். அதை அழகாகச் சொல்ல அவளால் முடியவில்லை.

மேல்மாடி அலுவலர் கீழே இறங்கி வந்தார். இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பொருந்தாத கையெழுத்துன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, இவர் அவர் இல்ல. இல்லேன்னா, இவர் தன் கையெழுத்தை மாத்திக்கிட்டார். மாத்திக்க அவருக்கு முழு உரிமை உண்டு, நாங்க அதுல குறுக்க நிக்க மாட்டோம். ஆனா ஆறு மாசம் முன்னாடியே தெரிவிச்சிருக்கணும்."

"ஆறு மாசம் முன்னாடி இவர் விரல் நல்லா இருந்துச்சுங்க!" என்றாள் அவள்.

"அதான், அப்ப போட்டிருந்தா பொருந்தியிருக்கும்."

அவள் கவுண்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் முழங்கையை அவள் கைக்குள் கோத்து, "வா, போகலாம்" என்றார். வழியில் நின்றவர்கள் விலகினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்கள். எதையோ கேட்க வாயெடுத்து அடக்கிக்கொள்வதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் திறந்திருந்த கதவுக்கு வெளியே குடைப் பெரியவர் நின்றார். எப்படியோ விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றினார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, ஓரம் தேய்ந்த புகைப்படம் ஒன்றை எடுத்தார். அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி... உள்ள... இவனைப் பாத்தீங்களாப்பா?"

வந்த நாளிலிருந்து பத்து வார்த்தை பேசாதவர், நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். படத்தை அவள் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள பேர் சொல்லிக்க விடமாட்டாங்க. முகம்தான் தெரியும்," என்றார். "இவரு... தாடி வெச்சிருக்கார். இருமுவார், ராப்பகலா. எல்லாருக்கும் சட்டை கிழிசலைத் தெச்சுக் குடுப்பார். நான் கிளம்புறப்ப இருந்தார்."

பெரியவர் வாசலிலேயே மண்டியிட்டுவிட்டார். குடை உருண்டு தெருவுக்குப் போனது. "தெப்பான்," என்றார் அழுதுகொண்டே. "அவங்கம்மா கத்துக் குடுத்தது. தெப்பான்."

அடுத்த நாள் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் தெருமுனைவரை நின்றார்கள். அவள் பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டாள். கொழுந்தன் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தான். சிலருக்கு அவர், "இருக்கார்" என்றார். பலருக்கு, "நான் பாக்கல" என்றார். மூன்று பேரிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்ததைச் சொன்னார். அந்த மூன்று பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். தெரு முழுக்கச் சேர்ந்து அழுதது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து என்னவென்று கேட்டார்கள்.

ஒரு நாள் அந்திநேரத்தில் கூட்டமெல்லாம் போன பிறகு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கழுத்தில் அட்டை இல்லாததால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒண்ணாம் கவுண்ட்டர்.

கொழுந்தன் சீறிக்கொண்டு எழுந்தான். "இங்க எதுக்கு வந்தீங்க? இதுக்கும் ஏதாவது படிவம் இருக்கா?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே சீப்புக்கும் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே ஒரு புகைப்படம் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடையில், சிரித்துக்கொண்டு ஒரு பையன்.

"என் தம்பி," என்றாள். "ஒரு வருஷம் ஏழு மாசம். இப்ப இன்னும் வளர்ந்திருப்பான்."

மனைவி அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். "உங்க வாரியத்துலயே கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டேங்க. அவனே நேர்ல வரணும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"எங்கம்மா மனு எடுத்துக்கிட்டு வந்தாங்க. அன்னிக்குக் கவுண்ட்டர்ல நான்தான் இருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவர் படத்தைக் காட்டச் சொன்னார். மனைவி விளக்கைப் போட்டு அதை அவர் கண்ணெதிரே பிடித்தாள். அவர் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். மறுபடி பார்த்தார்.

"நான் பாக்கலம்மா," என்றார். "ஆனா நான் இருந்தது ஒரு கட்டிடம்தான். இன்னும் ரெண்டு இருக்குன்னு பேசிக்குவாங்க. அங்கேருந்து யாராவது வந்தா கேக்கலாம்."

அவள் தலையாட்டினாள். படத்தை வாங்கி அதே இடத்தில் வைத்துக் கைப்பையை மூடினாள். போகும்போது அவர் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "பொருந்தலைன்னு எழுதிட்டேன்," என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து, இந்த வீடுதானா என்று பதறிக்கொண்டு கேட்டாள். இந்தத் தெருவுக்கு முற்றிலும் புதியவள். கணவரைக் காணவில்லையாம், ஆறு நாளாகிறதாம்.

"யாரும்மா இங்க வரச் சொன்னது?"

"உரிமை வாரியத்துலங்க. நேத்து சாயங்காலம் மூடுற நேரத்துல ஒண்ணாம் கவுண்ட்டருக்குப் போனேன். அவரே நேர்ல வரணும்னு மனுவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வாசல்வரைக்கும் போயிட்டேன். கூப்பிட்டு, சீல் வைக்க மறந்துட்டேன்னு வாங்கி, பின்பக்கம் ஏதோ எழுதி முத்திரை குத்திக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவசரமா வெளிய கிளம்பிட்டாங்க."

அவள் நீட்டிய தாளை மனைவி வாங்கிப் பார்த்தாள். நேரான சின்ன எழுத்தில் இந்த வீட்டு விலாசம் இருந்தது. அதன் கீழே, 'புகைப்படம் கட்டாயம். காலை ஒன்பது மணிக்குள் செல்லவும், பிறகு கூட்டம்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, சற்றுக் கோணலாக, வாரியத்தின் முத்திரை.

உள்ளே ஏற்கெனவே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி குழந்தையைத் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டு, "படத்தைக் கையில எடுத்து வெச்சுக்கம்மா" என்று வழிவிட்டாள்.